அமைச்சருக்குப் பதிலாக நின்றவன்

அவுஸ்திரேலியாவின் பாதுகாப்பு அமைச்சராக நான் இருந்த காலத்தில் எனக்கு ஒழுங்காக ஒருவேளைச் சாப்பாடு கிடைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நாங்கள் குடியிருக்கிற மஹய்யாவயில் இன்றைக்கும் சிலர், இந்தப் பொன்னையா அந்தப் பதவியில் இருந்து நன்றாகச் சேர்த்துக்கொண்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கண்டி நகருக்கு மேலே மேட்டில் இருக்கிற பழைய வெள்ளைக்காரர் மயானத்தில் புல் வெட்டுவது என் தொழில். அங்கே இப்போது யாரையும் புதைப்பதில்லை. எல்லோரும் எப்போதோ செத்தவர்கள். அழ ஆள் வராத மயானம் என்பதால் வேலை சுகம்தான். புல் மட்டும் விடாமல் வளரும்.

ஒரு மழைக்காலத்தில் ஜீப் ஜீப்பாக வந்து இறங்கினார்கள். வரவேற்புச் செயற்குழு என்றார்கள். அதற்கு ஒரு தலைவர். வெள்ளை உடுப்பு, மூக்கில் கைக்குட்டை. செத்து நூறு வருஷமானவர்களின் நாற்றம் அவருக்கு மட்டும் வந்துகொண்டிருந்தது. அவர் சிங்களத்தில் பேசுவதைத் தமிழில் சொல்வதற்கு பளீல் என்ற மொழிபெயர்ப்பாளர் கூடவே நின்றார். கண்டியிலேயே பிறந்து வளர்ந்த மனிதர். தலைவர் எதைச் சொன்னாலும் பளீலின் முகம் மாறாது. அதற்காகவே அவரை வேலைக்கு எடுத்தார்கள் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

விஷயம் இதுதான். அவுஸ்திரேலியாவின் பாதுகாப்பு அமைச்சர், மாண்புமிகு ரஸல் பெண்டில், கண்டிக்கு வரப்போகிறார். அவருடைய பாட்டனார் நாவலப்பிட்டிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் துரையாக இருந்து, காய்ச்சலில் செத்து, இங்கே புதைக்கப்பட்டவராம். அமைச்சர் அந்தக் கல்லுக்கு மலர்வளையம் வைப்பார். வைத்துவிட்டு, கடற்காவலுக்கென்று ஒரு படகை நாட்டுக்கு அன்பளிப்புச் செய்வார்.

பாட்டனாரின் கல்லைக் காட்டச் சொன்னார்கள். எல்லாக் கல்லையும் காட்டினேன். அந்தப் பெயர் எதிலும் இல்லை. செயற்குழு மரத்தடியில் கூடியது. கடைசியில், எழுத்து முழுக்க அழிந்துபோன ஒரு கல்லைப் பாட்டனாராக ஏகமனதாகத் தெரிவு செய்தார்கள். எழுத்து அழிந்திருப்பதே அவர் விளம்பரத்தை விரும்பாதவர் என்பதற்குச் சான்று என்று தலைவர் சொன்னார். என்னிடம் அந்தக் கல்லை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவச் சொன்னார்கள்.

"கண்டியில எங்கங்க கடல் இருக்கு? படகை இங்க கொண்டாந்து என்னா செய்யப் போறாங்க?" என்று பளீலிடம் கேட்டேன்.

"அமைச்சருக்கு வசதியான எடத்துக்குக் கடல் வரும், பொன்னையா. நீங்க புல்ல வெட்டுங்க."

கடல் வரவில்லை, படகு வந்தது. பெரிய லொறியில் ஏற்றி மலைப் பாதையின் வளைவுகளில் ஊர்ந்து ஊர்ந்து கொண்டுவந்தார்கள். பிலிமத்தலாவைக் கடைத்தெருவில் மின்கம்பிகளை மூங்கிலால் தூக்கிப் பிடித்துத்தான் அது கீழே புகுந்ததாம். உள்ளே எஞ்சின் இல்லை. தண்ணீரில் விட்டால் தாழ்ந்துவிடும் என்று லொறிக்காரன் சொன்னான். ஆனால் சாம்பல் நிறம் அசல் நிறம். அதைக் கல்லறைகளுக்கு நடுவில், நான் வெட்டி வைத்த புல்லின் மேல் இறக்கினார்கள். அன்று முதல் அந்த மேட்டில் உப்புக் காற்று அடிக்கத் தொடங்கியது. புதுப் பெயிண்ட் வாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது ஒத்திகை. ஒத்திகைக்கு அமைச்சரின் இடத்தில் நிற்க ஒரு ஆள் வேண்டும். அமைச்சர் ஆறடிக்கு மேல். அரசாங்கக் கந்தோர்களில் அந்த உயரத்துக்கு ஆள் தேடினார்கள். உயரமான உத்தியோகத்தர்கள் இருந்தார்கள்தான். ஆனால் தலைவர் முன்னால் அளக்கும்போது எல்லோரும் குட்டையாகிவிட்டார்கள். கடைசியில் பளீல் என்னைக் காட்டினார்.

"நான் குனிஞ்சு புல்லு வெட்டுறவன்ங்க."

"நீங்க வேலைக்கு மட்டுந்தானே குனியிறீங்க," என்றார் பளீல்.

இப்படித்தான் நான் அமைச்சரானேன். ஒரு கறுப்பு கோட் தைத்துக் கொடுத்தார்கள். உள்ளே போட சட்டை கொடுக்க மறந்துவிட்டார்கள். மகிழ்ச்சியடைந்த பொதுமக்கள் வேண்டுமென்று மஹய்யாவயிலிருந்து எங்கள் ஆட்களை பஸ்ஸில் ஏற்றிவந்து, ஆளுக்கொரு சோற்றுப் பார்சல் தருவதாகச் சொல்லி நிறுத்தினார்கள். அந்தக் கூட்டத்தில் என் மனைவி பாலம்மாவும் நின்றாள். எங்கள் பக்கத்து வீட்டு ஞானேஸ்வரியும் நின்றாள்.

என்னைப் படகின் மேல் ஏற்றி நிறுத்தினார்கள். தலைவர் அமைச்சரின் அரசியல் வாழ்க்கையை வாசித்தார். பளீல் தமிழில் சொன்னார்:

"மாண்புமிகு பெண்டில் அவர்கள் முதலில் செம்மறியாட்டு விவகாரப் பிரதி அமைச்சராக இருந்து ஆடுகளை வேலிக்கு உள்ளே வைத்திருந்தார். அந்தத் திறமையைக் கண்டு அவரைக் குடிவரவு அமைச்சராக உயர்த்தினார்கள். அங்கே மனிதர்களை வேலிக்கு வெளியே வைத்திருந்தார். இரண்டையும் செய்யத் தெரிந்தவர் என்பதால் பாதுகாப்பு அமைச்சரானார். இவருடைய காலத்தில் அந்த நாட்டுக்கு ஒரு படகுகூட வந்து சேரவில்லை. புறப்பட்ட படகுகள் பல, சேர்ந்தது ஒன்றுமில்லை. இதைவிட ஒரு நிர்வாகத் திறமை உண்டா? இடையில் அவை எங்கே போயின என்று இவர் ஒருநாளும் கேட்டதில்லை. அப்படிக் கேட்காமல் இருப்பதைத்தான் நாம் இவரிடம் கற்றுக்கொள்ள வேண்டும்."

எல்லோரும் கைதட்டினார்கள். சோற்றுப் பார்சல் அதற்குப் பிறகுதான்.

என் மகன் தியாகு அப்படிப் புறப்பட்ட படகொன்றில் ஏறியவன். நாவலப்பிட்டியில் போன் திருத்தும் கடையில் வேலைக்கு நின்றான். சிலாபம் பக்கத்திலிருந்து, "அம்மா, விடிஞ்சா ஏறுறோம்" என்று ஒரு தடவை பேசினான். அவ்வளவுதான். ஞானேஸ்வரியின் தம்பியும் அதே படகு.

பொலிஸில் கேட்டோம். கடல் எங்களுடையது அல்ல, மீன்பிடிக் கந்தோரில் கேளுங்கள் என்றார்கள். மீன்பிடிக் கந்தோரில், அவன் மீன் பிடிக்கவா போனான் என்று கேட்டார்கள். கொழும்பில் வெளிநாட்டுக் கந்தோருக்குப் போனோம். அந்த நாடு சொன்னால்தான் நாங்கள் சொல்லலாம் என்றார்கள். அந்த நாடு சொல்லாதாம். பாலம்மா பார்த்த சோதிடர்களில் ஒருவர் இருக்கிறான் என்றார், மற்றவர் மேற்கே இருக்கிறான் என்றார். ஆக, பிள்ளை இருக்கிறானென்று வைத்துக்கொண்டு தீபாவளி கொண்டாடவும் முடியவில்லை. இல்லையென்று வைத்துக்கொண்டு தலைமுழுகவும் முடியவில்லை. நான் ஒருநாள், "போயிட்டான்னு வச்சுக்குவோம் புள்ள" என்று சொன்னதற்கு, "சொல்றதுக்கு நீங்க யாரு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. நான் எந்தக் கந்தோரிலும் இல்லை.

ஒத்திகைக்கு வருகிறேன். காலையிலிருந்து தூறல். கண்டி மேளக்காரர்கள் அடி அடியென்று அடித்தார்கள். வாசலில் நிறைகுடம். ஒருவன் குடை பிடித்தான். மழையில் ஊறிய மாலையொன்றை என் கழுத்தில் போட்டார்கள். சட்டையில்லாத உடம்பு, வெறும் வயிறு, ஐஸ் மாதிரி மாலை. எனக்கு நடுக்கம் பிடித்தது. முதலில் கை, பிறகு தோள், அப்புறம் பல்லெல்லாம் அடித்துக்கொண்டது.

எங்கள் பக்கத்துக் கோயிலில் சாமி இறங்குவதும் இப்படித்தான். மேளம் அடித்து, கும்பம் வைத்து, மாலை போட்டதும் ஆள் நடுங்கும். நடுங்கினால் வந்தாச்சு. அதன்பிறகு அந்த ஆளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. என் சித்தப்பா மேல் முனியாண்டி இறங்கியிருக்கும்போது என் சின்னம்மா அவரைக் கும்பிட்டு, "சாமி, என் வீட்டுக்காரருக்கு எப்ப புத்தி வரும்?" என்று குறி கேட்டிருக்கிறாள். சாமி மலையேறிய பிறகு அதே மனிதரிடம், "என்னா முழிக்கிறீங்க, சோறு ஆறுது வாங்க" என்பாள். இரண்டையும் போட்டுக் குழப்புவதில்லை.

ஞானேஸ்வரி என்னைப் பார்த்தாள். என் பல் அடிப்பதைப் பார்த்தாள். நாக்கை மடித்து ஒரு குலவை போட்டாள். கூட்டத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து போட்டார்கள். தலைவர் பூரித்துப்போனார். பளீல் நிகழ்ச்சி நிரலில் 'குலவை' என்று எழுதிச் சேர்த்துக்கொண்டார்.

அப்போதுதான் அவர்களை முதல் தடவையாகப் பார்த்தேன்.

மயானத்தின் கீழ்ப்பக்கம், மூடுபனிக்குள், கல்லறைகளின் மேல் பையன்கள் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாம் இருபது, இருபத்தைந்து வயது. உடுப்பு உடம்போடு ஒட்டியிருந்தது. மேலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே புல் நனையவில்லை. ஒருவன் பொலித்தீன் பைக்குள் சுற்றி ரப்பர் போட்ட போனை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தான். எல்லோரும் தங்களுடைய முறை வரும்வரை காத்திருக்கிறவர்களைப் போல என்னையே பார்த்தார்கள். அரசாங்க காரியமென்றால் காத்திருக்க வேண்டுமென்று அவர்களுக்கும் பழகியிருந்தது.

ஒவ்வொரு முகமாகத் தேடினேன். தியாகு இல்லை. எனக்கு மூச்சு வந்தது.

அதற்குப் பிறகு நடந்த ஒவ்வொரு ஒத்திகையிலும் அவர்கள் வந்தார்கள். ஒவ்வொரு தடவையும் கூடிக்கொண்டே வந்தார்கள். நான் படகில் ஏறியதும் முதலில் செய்கிற வேலை அவன் அங்கே இல்லையென்று பார்த்துக்கொள்வதுதான். அவன் இல்லையென்று தெரிந்த பிறகு அமைச்சர் வேலை எனக்கு ஒரு பாரமாகவே இருக்கவில்லை.

பிறகு கேள்வி நேரம் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். பத்திரிகைக்காரர்கள் ஏதாவது கேட்பார்களாம். அமைச்சர் எல்லாவற்றுக்கும் ஒரே பதில்தான் சொல்வாராம். அதை எனக்கும் மனப்பாடம் பண்ண வைத்தார்கள்: "தண்ணீரின் மேல் நடக்கும் காரியங்களைப் பற்றி நான் பேசுவதில்லை." தலைவர் எனக்கு அதை விளக்கினார். பளீல் சொன்னார்: "பேசுவதால் உண்மை வெளிவரலாம். உண்மை வெளிவந்தால் துக்கம் வரும். மக்களுக்குத் துக்கம் வராமல் பாதுகாப்பதே பாதுகாப்பு அமைச்சரின் கடமை."

பத்திரிகைக்காரர்களாக நடிக்க வந்தவர்கள் அமைச்சருக்குக் கண்டித் தேநீர் பிடிக்குமா என்று கேட்டார்கள். தண்ணீரின் மேல் நடக்கும் காரியங்களைப் பற்றி நான் பேசுவதில்லை என்றேன். தலைவர் தலையாட்டினார். மலைநாட்டுக் காலநிலை எப்படி என்று கேட்டார்கள். அதே பதில். அப்புறம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாலம்மா வந்தாள். முந்தானையை இடுப்பில் செருகி, இரண்டு கையும் கூப்பி, படகுக்குக் கீழே நின்றாள்.

"சாமி, எங்க புள்ள தியாகு. சிலாபத்துல படகு ஏறுனான். இருக்கானா, இல்லையா? ஒத்த வார்த்தை சொல்லுங்க."

என் வாய் தானாகத் திறந்தது. "தண்ணீரின் மேல் நடக்கும் காரியங்களைப் பற்றி நான் பேசுவதில்லை."

தலைவர் கைதட்டினார். இவ்வளவு இயல்பாக அமைச்சரால்கூடச் சொல்ல முடியாது என்றாராம்.

"சாமிக்கு வாய் கட்டியிருக்குக்கா," என்று ஞானேஸ்வரி அவளை இழுத்துக்கொண்டு போனாள். "விழா அன்னைக்குத்தான் முழுசா இறங்கும். அன்னைக்குக் கேளு."

சாயங்காலம் ரொட்டியைத் தட்டில் போட்டுக்கொண்டே பாலம்மா கேட்டாள்: "இன்னைக்கு சாமி ஏங்க பேசல?"

"அடியே, அங்க நின்னது நான்தான்."

"நீங்க எங்க நின்னீங்க? கண்ணு ரெண்டும் கீழ சமாதிப் பக்கமே நெலகுத்தி நின்னுச்சே. உங்க கண்ணா அது?" என்றவள், சம்பலை என் பக்கம் தள்ளினாள். "நீங்க தின்னுங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

விழா நாள் காலையில் கொழும்பிலிருந்து போன் வந்தது. தலைவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவுஸ்திரேலியாவில் இரவோடு இரவாக மந்திரிசபையை மாற்றிவிட்டார்களாம். மாண்புமிகு பெண்டிலுக்குப் பாதுகாப்பு இல்லை. அவர் பீரங்கி செய்கிற கம்பெனியொன்றுக்கு ஆலோசகராகப் போய்ச் சேர்ந்துவிட்டார். புது அமைச்சருக்குக் கண்டியில் பாட்டனார் இல்லை.

"நிப்பாட்டிருவாங்களா?" என்று பளீலிடம் கேட்டேன்.

"கொடி கட்டியாச்சு. சோத்துப் பார்சலும் வந்திட்டு. எப்படி நிப்பாட்டுற?" என்றார்.

தலைவர் ஒலிபெருக்கிக்கு முன்னால் எழுந்தார். பளீல் வழக்கம்போல முகம் மாறாமல் சொன்னார்: "பதவி என்பது ஆளைப் பொறுத்ததல்ல. ஆள் வருவார், போவார். நாம் வரவேற்பது பதவியை. ஆள் வராத காரணத்தால் பதவி வராமல் இருந்துவிடாது. அது வந்துவிட்டது. அதோ, மாலையோடு நிற்கிறது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எங்கள் பெண்கள் ஆமென்று தலையசைத்தார்கள். செயற்குழுவுக்கும் மஹய்யாவ ஆட்களுக்கும் ஒரு விஷயத்தில் ஒரே அபிப்பிராயம் வந்தது என் அறிவில் அதுதான் முதல் தடவை.

மேளம் அடித்தது. மழை பிடித்தது. பாட்டனாருக்கு நான் மலர்வளையம் வைத்தேன். பிறகு படகில் ஏறினேன். வாழ்க்கை வரலாறு வாசித்தார்கள். பனி கீழேயிருந்து ஏறிவந்தது. பையன்கள் அன்றைக்குக் கீழ்ப்பக்கத்தில் இல்லை. மேலே வந்துவிட்டார்கள். கதிரைகளுக்கு இடையில், மேளக்காரர்களுக்குப் பின்னால், கொடிக்கம்பத்தைச் சுற்றி, எங்கும் அவர்கள்தான். கறுப்புக் கண்ணாடி போட்ட பொலிஸ் அதிகாரி ஒருவரின் தோளை உரசிக்கொண்டு ஒருவன் நின்றான். அவர் குளிர்கிறதென்று காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

கேள்வி நேரம் வந்தது. பாலம்மா வந்தாள். யாரும் தடுக்கவில்லை, நிகழ்ச்சி நிரலில் இருக்கிறதென்று நினைத்தார்கள்.

"சாமி, நான் திரும்பத் திரும்பக் கேட்டு உங்களுக்குத் தொந்தரவு தரல. இருக்கான்னா நான் காத்துக்கிட்டிருப்பேன். இல்லைன்னா அவனுக்குச் செய்யவேண்டியதைச் செஞ்சு அனுப்புவேன். ரெண்டுக்கும் நடுவுல வச்சுக் கொல்லாதீங்க சாமி."

"பொன்னையா," என்று பளீல் மெதுவாகச் சொன்னார். "அந்த வசனம்."

நான் வாயைத் திறந்தேன். திறந்தபடியே பாலம்மாவுக்குப் பின்னால் பார்த்தேன். தியாகு நின்றான். முடி நெற்றியில் ஒட்டியிருந்தது. என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பிவிடுவாளோ என்று தயங்குகிறவன் மாதிரி, கையைப் பாதி தூக்கியபடி நின்றான்.

அந்த வசனம் எனக்கு மறக்கவில்லை. நாக்கின் நுனியில் இருந்தது.

"இல்லம்மா," என்றேன். "உன் மகன் இல்ல. கடல்ல போயிட்டான்."

ஒலிபெருக்கி அதை மேடெல்லாம் கொண்டுபோனது. பாலம்மா அழவில்லை.

"பயந்தானா சாமி?"

"தனியா இல்லம்மா. கூட நெறைய பசங்க இருந்தாங்க."

தலைவர் ஓடிவந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார். பளீல் மொழிபெயர்த்தார்: "மாண்புமிகு அமைச்சர் இப்போது சொன்னதை அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் அமைச்சர் அல்ல. அமைச்சர் அல்லாதவர் சொன்னதற்கு அமைச்சர் பொறுப்பல்ல. படகு விவகாரத்தில் இரு நாடுகளுக்கும் இடையில் துக்கம் எதுவும் கிடையாது." சொல்லி முடித்த பளீல் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். மழைதான்.

பாலம்மா ஒலிபெருக்கிப் பக்கம் திரும்பவே இல்லை. பளீலைத்தான் பார்த்துச் சொன்னாள்.

"பளீல் நானா, இவரு போனதும் எங்க வீட்டு ஆளைக் கொஞ்சம் அனுப்பி வைங்க. புள்ளைக்குத் தண்ணி ஊத்தணும். அப்பன் இல்லாம ஆகாது."

சொல்லிவிட்டு என்னைக் கும்பிட்டாள். கும்பிட்டுவிட்டு மயானத்துப் படிகளில் இறங்கி நடந்தாள்.

நான் படகிலிருந்து காலை எடுத்தேன். தலைவர் இரண்டு கையையும் விரித்து மறித்தார். அமைச்சர் இப்போது போக முடியாதாம். மரநடுகை இருக்கிறதாம், இரண்டு தேசிய கீதம் இருக்கிறதாம், பிறகு இன்னொரு மரநடுகை இருக்கிறதாம். அமைச்சர் புறப்படுவதற்கென்றே தனியாக ஒரு மேளம் இருக்கிறதாம். மாலையை எடுக்கக் கூடாதாம்.

ஞானேஸ்வரி முன்னால் வந்தாள். பின்னால் மற்றப் பெண்கள் படங்களோடு வரிசையாக நின்றார்கள். அவளுடைய கையில் தம்பியின் படம் இருந்தது. இன்னொரு கையில் கற்பூரம். அவள் கேட்கப்போகிறாள் என்று நினைத்தேன். அவளுடைய தம்பி எங்கே நிற்கிறானென்று எனக்குத் தெரியும். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றான்.

அவள் குடைக்குள் குனிந்து உள்ளங்கையில் கற்பூரத்தைக் கொளுத்தினாள். படத்தைச் சேலைக்குள் செருகிக்கொண்டாள்.

"நான் ஒண்ணும் கேக்கல சாமி," என்றாள். "எனக்கு வேணாம். நீங்க மலையேறுங்க. அக்கா தனியாப் போகுது."

சுடரை மூன்று தரம் சுற்றினாள். கை சுட்டும் எடுக்கவில்லை. தலைவர் இது எந்த நிகழ்ச்சி என்று பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் தேடி முடிப்பதற்குள் பளீல் படகருகே வந்து, எட்டி, என் கழுத்திலிருந்த மாலையைக் கழற்றினார். "மன்னிக்கோணும், மாண்புமிகு ஐயா" என்று சத்தமாகச் சொன்னார். பிறகு சத்தமில்லாமல், "போங்க பொன்னையா" என்றார்.

கோட்டோடு படிகளில் இறங்கினேன். பின்னால் யாருக்கோ தேசிய கீதம் இசைத்தார்கள். பெரிய வீதிக்கு வருகிற வளைவில் பாலம்மாவை எட்டிப் பிடித்தேன். மழையில் நனைந்து, மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். என்னைப் பார்த்ததும்தான் அவளுடைய முகம் உடைந்தது.

"வந்துட்டீங்களா," என்று என் கையைப் பிடித்தாள். "எப்படிங்க உங்ககிட்ட சொல்லுவேன். நம்ம தியாகு போயிட்டானாங்க."

அதுவரை அந்தச் செய்தியை என்னிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. நான் வீதியோரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.